மீன் தொட்டியில் புழு: யாரென்று தெரிந்துகொண்டு அப்புறம் மருந்து

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தாமான் குடியிருப்பு வீடுகளிலும் சரி, மிச்சமிருக்கும் தோட்டத்து லயன் வீடுகளிலும் சரி, முன்கூடத்தில் ஒரு மீன் தொட்டி இருப்பது சாதாரணம். கப்பி, மோலி, கோல்டுஃபிஷ், ஒரு லோஹான், வசதி உள்ளவர்கள் வீட்டில் ஓர் அரவானா. மீன் வளர்க்கிறேன் என்று தெரிந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "அண்ணே, கண்ணாடியில வெள்ளையா என்னமோ நெளியுது. என்ன மருந்து ஊத்துறது?"

இப்போதைக்கு எதுவும் ஊற்ற வேண்டாம். புழுவால் செத்த மீனைவிட, புழுவைப் பார்த்த பயத்தில் நாம் செய்யும் வேலையால் செத்த மீன்தான் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். தொட்டியைக் கவிழ்த்து, கல்லையும் ஸ்பாஞ்சையும் பிளீச் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பி மீனை விடுவார்கள். இரண்டு மூன்று நாளில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பழி புழுமேல் விழும். உண்மையில் நடந்தது வேறு. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் குடியிருக்கின்றன. பிளீச்சில் அவை ஒட்டுமொத்தமாகப் போய்விட்டன. மறுபடி அவை நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரம் வரை ஆகும். அதுவரை மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறும்.

ஆகவே நிதானமாகப் போவோம்.

படி 1: முதலில் பாருங்கள்

இரவு விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். பல புழுக்கள் வெளிச்சத்துக்கு ஒளியும். பகலில் ஒன்று தெரிந்தால் இரவில் பத்து தெரியும். ஊசி இல்லாத சிரிஞ்சால் ஒன்றை உறிஞ்சி, கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு வெள்ளைத் தட்டில் விடுங்கள். கைப்பேசியில் கிட்டத்தில் வீடியோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தைவிட வீடியோ நல்லது, ஏனென்றால் புழுவை அடையாளம் காட்டுவது நிறமோ நீளமோ இல்லை, அது நகரும் விதம்தான். நெளிகிறதா, வழுக்கிப் போகிறதா, சாண் சாணாக அளந்து போகிறதா, ஒரே இடத்தில் நின்று ஆடுகிறதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

படி 2: யார் என்று கண்டுபிடியுங்கள்

நெளிகிற மெல்லிய வெள்ளை நூல். கல்லிலிருந்து தலை நீட்டும், கண்ணாடியில் ஏறும், தண்ணீரில் விடுபட்டால் எஸ் வடிவில் துடித்துத் துடித்து மிதக்கும். இது கழிவுப்புழு. மண்புழுவின் தூரத்துச் சொந்தம். உற்றுப் பார்த்தால் உடம்பில் கணுக்கணுவாகத் தெரியும். எங்கள் பக்கத்து வீட்டுத் தொட்டிகளில் பெரும்பாலும் இதுதான். மீனைக் கடிக்காது, மீனின் உடம்புக்குள் போகாது. கல்லுக்கடியில் மட்கும் தீனியையும் மீன் கழிவையும் தின்று பிழைக்கிறது. எல்லாத் தொட்டியிலும் கொஞ்சம் இருக்கவே செய்யும். திடீரென்று கூட்டமாக மேலே வந்தால் இரண்டு காரணம்: கீழே தீனி குவிந்திருக்கிறது, அல்லது கீழே மூச்சுக்காற்று போதவில்லை.

இரண்டாவது காரணத்தை நம் ஊரில் பலர் யோசிப்பதில்லை. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 25 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் சுமார் 8.3 மி.கி. ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 பாகையில் சுமார் 7.5 மி.கி.தான். தகரக் கூரைக்குக் கீழே மதிய வெயிலில் தொட்டி எவ்வளவு சூடாகும் என்று லயத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். சாயங்காலம் இடி மழையில் கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த இரவில் புழு கண்ணாடியில் ஏறினால் அது மூச்சுக்காக ஏறுகிறது. மீனும் அதே நெருக்கடியில்தான் இருக்கும். மருந்தை விட்டுவிட்டுக் காற்றைக் கவனியுங்கள்.

வழுக்கிப் போகிற தட்டையான புழு. நெளியாது, துடிக்காது, கண்ணாடியோடு ஒட்டி ஒரே சீராக நகரும். தலை முக்கோணமாக அம்பு முனை போல இருக்கும், அதில் இரண்டு கண்புள்ளி, மாறுகண் போலத் தெரியும். நிறம் வெள்ளை, பழுப்பு, சில சமயம் இளஞ்சிவப்பு. இதுதான் பிளனேரியா. இறால் வளர்ப்பவர்களுக்கு இது உண்மையான எதிரி: குட்டி இறாலையும், சட்டை உரித்து உடம்பு மென்மையாக இருக்கும் இறாலையும், மீன் முட்டையையும் தின்னும். பெரிய மீன் மட்டும் இருக்கும் தொட்டியில் பெரிய ஆபத்து இல்லை.

பிளனேரியாவைக் கண்ணாடியில் வைத்து பிளேடால் சுரண்டாதீர்கள். அமெரிக்க உயிரியலாளர் தாமஸ் ஹண்ட் மார்கன் 1898ல் இதை வெட்டி வெட்டிச் சோதித்தார். புழுவின் 279ல் ஒரு பங்கு அளவுள்ள துண்டுகூட முழுப் புழுவாக வளரக்கூடும் என்று கண்டார். நீங்கள் நான்காக நசுக்கினால் நான்காகவே திரும்பி வரும்.

இதேபோல் வழுக்கும், ஆனால் ஒன்றிரண்டு மில்லிமீட்டரே இருக்கும், தலை உருண்டையாக இருக்கும் என்றால் அது ராப்டோசீலா. அரிசிக் குருணையைவிடச் சின்னது. தீங்கில்லாதது. இதைப் பிளனேரியா என்று நினைத்து மருந்து ஊற்றி, நத்தைகளை எல்லாம் இழந்தவர்கள் உண்டு.

ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு ஆடுவது. ஒரு தண்டு, நுனியில் நாலைந்து மயிரிழைகள். தொட்டால் புள்ளியாகச் சுருங்கும். இது ஹைட்ரா, புழுவே இல்லை. பெரிய மீனுக்கு ஒன்றும் செய்யாது. அன்று பிறந்த குஞ்சையும் குட்டி இறாலையும் பிடிக்கும்.

சாண் போட்டு நகர்வது. இரண்டு முனையிலும் உறிஞ்சி இருக்கும். ஒன்றை ஊன்றி மற்றொன்றைக் கிட்டே இழுத்து நகரும். இது அட்டை. பால்மரக் காட்டில் (ரப்பர் தோட்டத்தில்) காலில் ஏறி ரத்தம் குடிக்கும் அட்டையை நினைத்துப் பயப்பட வேண்டாம். அது ஈரத்தரை அட்டை, தொட்டிக்குள் வாழாது. தொட்டியில் காண்பது பெரும்பாலும் நத்தை தின்னும் சின்ன அட்டை, குளத்துச் செடியோடு வந்தது. நத்தை ஒவ்வொன்றாகக் காலியாகிறது என்றால் இதைத் தேடுங்கள்.

சிவப்பு. இங்கே கவனம் வேண்டும், ஏனென்றால் சிவப்பில் மூன்று ஆள் உண்டு. மண்ணில் சின்னக் குழாய் கட்டி, அதிலிருந்து வெளியே வந்து எட்டு எட்டாக மடிந்து நீந்தினால் ரத்தப்புழு. கடிக்காத ஒரு வகைக் கொசு போன்ற பூச்சியின் குஞ்சு. நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அதன் உடம்பில் இருப்பதால் அந்த நிறம். மீனுக்கு விருந்து; இரண்டு நாளில் காணாமல் போகும். தலையைச் சேற்றில் புதைத்து வாலை மட்டும் கூட்டமாக ஆட்டினால் ட்யூபிஃபெக்ஸ். கடையில் உயிர்த்தீனியாக வாங்கிப் போட்டதில் தப்பித்தவை. மூன்றாவது ஆள் தொட்டியில் இருக்காது, மீனில் இருக்கும். மீனின் மலவாயிலிருந்து சிவப்பு இழைகள் இரண்டு மூன்று நீட்டிக்கொண்டு, மீன் அசையாமல் நிற்கும்போது வெளியே தெரிந்து, நீந்தும்போது உள்ளே இழுத்துக்கொண்டால் அது கமலானஸ் என்னும் ஒட்டுண்ணி. கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்களில் அதிகம். இந்தக் கட்டுரையில் அவசரம் என்று நான் சொல்லப்போவது இது ஒன்றுக்குத்தான்.

தண்ணீர் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கி, நிழல் விழுந்தால் துள்ளிக் கீழே போவது கொசுப்புழு. மீன் உள்ள தொட்டியில் இது பிழைக்காது. தண்ணீர் பிடித்து வைத்த வாளியிலும், சண்டை மீன் செத்த பிறகு ஓரமாக வைத்த பாட்டிலிலும்தான் இருக்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும், ஆகவே அந்த வாளியை வாராவாரம் கொட்டித் தேய்த்துவிடுங்கள். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து பார்க்கலாம், அபராதம் போடலாம். டிங்கி ஒழிக்கக் கொடுக்கும் அபேட் மணலை இறால் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். அது கொசுப்புழுவைக் கொல்வதுபோல் இறாலையும் கொல்லும்.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரவானாவுக்குத் தோட்டத்தில் பிடித்த வெட்டுக்கிளி, சில்வண்டு போடுபவர்கள் சில சமயம் ஒரு சாண் நீளத்துக்குக் கம்பி மாதிரி பழுப்புப் புழு ஒன்று முறுக்கிக்கொண்டு கிடப்பதைப் பார்ப்பார்கள். குதிரைமுடிப் புழு, பூச்சியின் வயிற்றிலிருந்து வந்தது. மீனையும் மனிதரையும் ஒன்றும் செய்யாது, எடுத்து எறியுங்கள். கோல்டுஃபிஷ் அல்லது கோய் மீனின் உடம்பில் செதிலுக்கு நடுவே குச்சி குத்தினாற்போல் நிற்பது நங்கூரப்புழு. பெயர்தான் புழு, உண்மையில் இறால், நண்டுக்குத் தூரத்துச் சொந்தமான ஒட்டுண்ணி. அதற்கு வைத்தியம் வேறு, இங்கே சொல்லும் எதுவும் அதற்குப் பொருந்தாது.

படி 3: தீனியைக் குறையுங்கள்

கழிவுப்புழு, ராப்டோசீலா, ஹைட்ரா, ட்யூபிஃபெக்ஸ் எதுவாக இருந்தாலும் வேர் ஒன்றுதான். பிளனேரியாவும் அப்படியே. தின்ன ஏதோ மிஞ்சுகிறது. நம் வீடுகளில் மீனுக்குத் தீனி போடுபவர் ஒருவர் இல்லை. காலையில் தாத்தா ஒரு பிடி, பள்ளிவிட்டு வந்த பிள்ளை ஒரு பிடி, ராத்திரி வேலை முடிந்து வந்த அப்பா ஒரு பிடி. மீன் முன்னால் வந்து வாலாட்டினால் பசி என்று அர்த்தம் இல்லை, அது யாரைப் பார்த்தாலும் வாலாட்டும்.

தீனி டப்பாவை ஒருவர் கையில் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடத்தில் முழுதாகத் தின்று முடிக்கும் அளவு மட்டும். வாரத்தில் ஒரு நாள் முழுப் பட்டினி. நல்ல உடம்புள்ள, வளர்ந்த மீனுக்கு இதனால் ஒரு கெடுதலும் வராது. குஞ்சுகளுக்கு மட்டும் இந்தப் பட்டினி வேண்டாம். சோறு, ரொட்டி, பிஸ்கட் தூள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

மீன்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் தேடுங்கள். கல்லுக்குப் பின்னால் செத்துக்கிடக்கும் ஒரு மீனே புழுக்கூட்டத்துக்கு முழுக் காரணமாக இருக்கலாம்.

படி 4: கல்லைச் சுத்தம் செய்யுங்கள், கழுவாதீர்கள்

சைஃபன் குழாயைக் கல்லுக்குள் குத்தி, அழுக்கு மேலே ஏறியதும் தூக்கி, அடுத்த இடத்தில் குத்த வேண்டும். முழுத் தொட்டியையும் ஒரே நாளில் கிளற வேண்டாம். இந்த வாரம் மூன்றில் ஒரு பங்கு, அடுத்த வாரம் அடுத்த பங்கு. ஒரே மூச்சில் கிளறினால் அடியில் அடைந்திருக்கும் கெட்ட வாயுவும் அழுக்கும் ஒன்றாகக் கிளம்பி மீனைத் தாக்கும். ஒவ்வொரு முறையும் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை தண்ணீர் மாற்றினால் போதும்.

குழாயில் வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கை பம்ப் உள்ள குழாய் மீன் கடையில் மலிவாகவே கிடைக்கும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள். இங்கே சொன்ன புழுக்கள் மனிதரைத் தொற்றுவதில்லை, ஆனால் மீன் தொட்டித் தண்ணீரில் மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் கிருமி இருக்கலாம்; அது காயம் வழியாக நுழைந்து தோலில் மாதக்கணக்கில் ஆறாத கட்டியை உண்டாக்கும். பால் வெட்டும் கை, செம்பனை முள் குத்திய கை என்றால் கூடுதல் கவனம்.

ஸ்பாஞ்சை வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழிந்து திரும்ப மாட்டுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். புதுத் தண்ணீருக்கும் ஆண்டிகுளோரின் சேர்த்துத்தான் ஊற்ற வேண்டும். இன்னும் சில தோட்ட வீடுகளில் மலையிலிருந்து குழாய் போட்டு இறக்கும் தண்ணீர் உண்டு. அதில் குளோரின் இல்லை என்பது நல்லதுதான், ஆனால் புழுவும் அட்டையும் முட்டையும் அதோடு வரும். அந்தத் தண்ணீர்தான் வழி என்றால் மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றுங்கள்.

கழிவுப்புழுவுக்கு இத்தோடு வைத்தியம் முடிந்தது. முதல் வாரம் கல்லைக் கிளறியதால் இன்னும் அதிகமாகக்கூடத் தெரியலாம். மூன்று நான்கு வாரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறையும். முழுதாக ஒழிக்க நினைக்காதீர்கள். கல்லுக்கடியில் கொஞ்சம் இருந்தால் அதுவும் துப்புரவு வேலையைத்தான் செய்கிறது.

படி 5: பிளனேரியாவுக்குப் பொறி

மருந்துக்கு முன் பொறியை முயலுங்கள். கழுவிய சின்ன மருந்து பாட்டில் ஒன்று எடுத்து, மூடியில் இரண்டு மில்லிமீட்டர் அளவில் ஓட்டை போடுங்கள். புழு நுழைய வேண்டும், இறால் நுழையக் கூடாது. உள்ளே விரல்நுனி அளவு பச்சைக் கோழி ஈரலோ இறால் துண்டோ வைத்து, தண்ணீர் நிரப்பி, விளக்கணைத்த பிறகு கல்மேல் படுக்க வையுங்கள். விடியற்காலையில் விளக்குப் போடும் முன் எடுத்துவிட வேண்டும். நேரமானால் தின்றுவிட்டு வெளியே போய்விடும், இறைச்சியும் தண்ணீரைக் கெடுக்கும். பிடிபட்டதைக் கொதிநீரில் கொட்டுங்கள். தொடர்ந்து செய்தால் எண்ணிக்கை நன்றாகக் குறையும். அட்டைக்கும் இதே பொறி உதவும்.

இறால் இல்லாத தொட்டி என்றால் செப்பாட் மீன் ஒன்றை விட்டுப் பார்க்கலாம். நம் வயல் வாய்க்காலில் கிடைக்கும் அதே மூன்றுபுள்ளி கௌராமி. ஹைட்ராவை நன்றாகவே தின்னும், தட்டைப்புழுவையும் சில சமயம் கொத்தும். ஆனால் பெரிதாக வளர்ந்தபின் சின்ன மீன்களை விரட்டும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். உப்புப் போடுவது பயனற்றது. மீனும் செடியும் தாங்கும் அளவு உப்பு பிளனேரியாவை அசைக்காது.

படி 6: மருந்து, கணக்கோடு

பொறி போதாமல் இறால் குட்டிகள் குறைந்துகொண்டே போனால் மருந்துக்குப் போகலாம். பிளனேரியாவுக்கென்று விற்கும் தூள்களில் சில பாக்கு மரத்தின் சத்திலிருந்து செய்தவை. பாக்கில் உள்ள அரிகோலின் புழுவின் நரம்பைத் தாக்கும். முன்பு நாய்க்கு நாடாப்புழு மருந்தாகவே அதைக் கொடுத்தார்கள். அதனால் வெற்றிலைத் தட்டிலிருந்து கொட்டைப்பாக்கை எடுத்துத் தொட்டியில் போடலாமா என்று கேட்காதவர் இல்லை. வேண்டாம். ஒவ்வொரு பாக்கிலும் சத்து எவ்வளவு என்று அளக்க நமக்கு வழியில்லை, கூடினால் மீன் மயங்கும். வாங்கிய தூளை அதன் உறையில் உள்ள அளவுப்படி மட்டும் போடுங்கள்.

இன்னொரு வழி ஃபென்பெண்டசோல், ஆட்டுக்கும் நாய்க்கும் கொடுக்கும் பூச்சி மருந்து. ஹைட்ராவையும் இது கொல்லும். இறால் வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் அளவு லிட்டருக்கு ஏறக்குறைய 0.6 மி.கி. கணக்கு இப்படி. தொட்டி 60 செ.மீ. நீளம், 30 அகலம், தண்ணீர் உயரம் 36 என்றால், மூன்றையும் பெருக்கி 1000ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 65 லிட்டர். கல்லும் மரக்கட்டையும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் 55 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குத் தேவை 33 மி.கி. மருந்து 10 விழுக்காட்டுத் திரவம் என்றால் ஒரு மில்லியில் 100 மி.கி. இருக்கும், ஆக உங்களுக்கு வேண்டியது மூன்றில் ஒரு மில்லி. ஒரு மில்லி சிரிஞ்சு இல்லாமல் இதை அளக்க முடியாது, மூடியில் ஊற்றிக் கண்ணால் அளக்காதீர்கள்.

நத்தைகளை, குறிப்பாக நெரைட் நத்தைகளை, முதலில் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். இந்த மருந்து அவற்றைக் கொல்லும், மருந்து போட்ட தொட்டி பல மாதம் அவற்றுக்கு ஆகாது. ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள். மருந்து எளிதில் கரையாது, கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். காற்றை அதிகமாக விடுங்கள். மூன்றாம் நாள் செத்த புழுக்களை உறிஞ்சி எடுத்து, தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். கூட்டமாகச் செத்த புழு அழுகினால் அம்மோனியா ஏறும், ஆகவே அந்த வாரம் சோதனைக் குச்சியோ சோதனைத் திரவமோ கையில் இருக்கட்டும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும்.

கால்நடை மருந்துக் கடையில் பெட்டியின் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், சேர்மானத்தைப் படியுங்கள். ஆட்டுப் பூச்சி மருந்து என்ற பெயரில் ஐவர்மெக்டினும் இருக்கும், இரண்டு மருந்து கலந்ததும் இருக்கும். ஐவர்மெக்டின் மீன் தொட்டிக்கு ஆகவே ஆகாது. சந்தேகம் இருந்தால் மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் கேளுங்கள்.

படி 7: கமலானஸ் என்றால் தாமதிக்காதீர்கள்

இந்தப் புழு குடலைக் கடித்துப் பிடித்து ரத்தத்தை உறிஞ்சுகிறது. பெண் புழு முட்டை போடாமல் உயிருள்ள குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். மற்ற மீன்கள் அவற்றைத் தின்று நோயை வாங்கிக்கொள்ளும். ஒரு மீனில் சிவப்பு இழை தெரிந்தால் தொட்டி முழுவதுக்கும் தொற்று என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இழையைப் பிடித்து இழுத்தால் குடல் கிழியும், செய்யாதீர்கள்.

மருந்து லெவமிசோல், லிட்டருக்கு 2 மி.கி. மேலே சொன்ன 55 லிட்டர் தொட்டிக்கு 110 மி.கி. வேறு எதுவும் கலக்காத லெவமிசோலாக இருக்க வேண்டும். வெளிச்சத்தில் அது கெடும் என்பதால் விளக்கை அணைத்து, தொட்டியைத் துணியால் மூடுங்கள். 24 மணி நேரம் கழித்துக் கல் முழுவதையும் சைஃபன் செய்து பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றுங்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் முழுக் கல்லையும் ஒரே நாளில் உறிஞ்சச் சொல்கிறேன். காரணம், லெவமிசோல் புழுவை முடக்குகிறதே தவிர எல்லாவற்றையும் கொல்வதில்லை. முடங்கி மீனிடமிருந்து விழுந்ததை மீன் மறுபடி தின்றுவிடக் கூடாது. இரண்டு மூன்று வாரம் கழித்து அதே அளவில் இன்னொரு முறை செய்ய வேண்டும், முதல் தடவை தப்பிய குஞ்சுகள் அதற்குள் வளர்ந்திருக்கும். மீன் நன்றாகத் தெரிகிறதே என்று இரண்டாவது முறையை விட்டுவிடுபவர்கள்தான் திரும்பத் திரும்ப இந்தப் புழுவோடு போராடுகிறார்கள்.

கடைக்காரர் பிராசிகுவான்டல் கொடுத்தால் வாங்காதீர்கள். நாடாப்புழுவுக்கும் செவுள் தட்டைப்புழுவுக்கும் நல்ல மருந்து, கமலானஸ் போன்ற உருளைப்புழுவுக்கு உதவாது.

படி 8: அடுத்த தடவை உள்ளே விடாமல்

புழு கண்ணாடியில் முளைப்பதில்லை. செடியோடு வரும், மீன் பையோடு வரும், உயிர்த்தீனியோடு வரும்.

லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) பிடித்த கப்பி, ஈயலம்பக் குட்டையில் (பழைய ஈயச் சுரங்கக் குட்டையில்) பிடுங்கிய வேலம்பாசி, பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய மீன் எல்லாமே நம் பிள்ளைகளின் சந்தோஷம். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவோ, சின்னத் தொட்டியோ தனியாக வைத்து, ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று மாட்டி, புது மீனை நான்கு வாரம் அதில் வைத்துப் பாருங்கள். பையைத் தண்ணீர்மேல் கால் மணி நேரம் மிதக்க விட்டபின் மீனை வலையால் எடுத்து விடுங்கள். பையில் உள்ள தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

செடிக்குப் படிகாரம் நல்லது. நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி படிகாரத் தூள் கரைத்து, செடியை இரண்டு மூன்று நாள் ஊற வைத்து, நன்றாக அலசி நடுங்கள். அவசரம் என்றால் பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் 19 பங்கு, இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாமல் முக்கி எடுத்து, ஆண்டிகுளோரின் போட்ட தண்ணீரில் அலசுங்கள். பாசி வகைகள் பிளீச்சைத் தாங்காது. சண்டை மீனுக்காகப் போடும் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலையைக் காய்ந்ததாகப் பொறுக்கி, கொதிநீரில் ஒரு தடவை முக்கிப் போடுங்கள். உயிருள்ள ட்யூபிஃபெக்ஸுக்குப் பதிலாக உறைய வைத்த ரத்தப்புழு வாங்குவது நல்லது.

தொட்டியிலிருந்து உறிஞ்சிய அழுக்குத் தண்ணீரை வாழை மரத்தடியிலோ புல்லிலோ ஊற்றுங்கள், லோங்காங்கில் வேண்டாம். எந்த லோங்காங்கும் கடைசியில் ஆற்றுக்குத்தான் போகிறது. வளர்க்க முடியாத மீனையும் அப்படி விடக் கூடாது. யாரோ விட்ட இக்கான் பண்டாராயா (கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் உறிஞ்சுவாய் மீன்) இன்று நம் ஆறுகளில் ஊர் மீன்களின் இடத்தைப் பிடித்திருக்கிறது. கமலானஸ் கண்ட தொட்டியின் வலை, குழாய், வாளி எல்லாவற்றையும் வெயிலில் நொறுங்கக் காயவிட்டு, அந்தத் தொட்டிக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.